புரட்டுக்கு நேரமாச்சு

அத்தியாயம் நான்கு

எருத்தேன்பதி சென்னியப்பனுக்கு வீடு பெரிது. கூடத்தில் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம். அந்தச் சனிக்கிழமை காலையில் அங்கே மூன்று ஆண்களும் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தது டேப் ரிக்கார்டர் மட்டும்தான்.

"...ஆகவே, இசைத்தட்டு, ஸ்பூல் டேப், கேசட் என்ற மூன்றில் இன்னும் பத்து வருஷத்துக்கு நிற்கப்போவது இசைத்தட்டுதான். ஸ்பூல் ரேடியோ நிலையத்துக்குப் போதும். கேசட் வெறும் விளையாட்டுச் சாமான். வண்டிப்பெரியாரில் அதை வாங்குவார் யாருமே இல்லை. கேசட்டை நம்பி ஒருவரும் முதல் போட வேண்டாம். இத்துடன் அறிக்கை முடிகிறது."

டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. "புரட்டுக்கு நேரமாச்சு. மீதிய பொறவு சொல்றேன்." அவ்வளவுதான். கேசட் ஓடி முடிந்து பொத்தான் தானே மேலே வந்தது.

"கேட்டீங்களா?" என்றார் சென்னியப்பன். அறுபது வயது, ஆறடி உயரம். வயலில் ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கும் குரல் இப்போது இறங்கியிருந்தது. "அறிக்கை முடிஞ்ச ஒடனே ஒரு பொம்பள வந்து புரட்டுக்கு நேரமாச்சுங்கறா. மீதியப் பொறவு சொல்றாளாம். அறிக்கை அனுப்புன அந்த நல்லமுத்து எவளையோ கூட்டு வெச்சுட்டு என்னய ஏமாத்தறானுங்க."

துப்பறியும் வெங்கிடாசலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கல்பாத்திக்காரர், ஐம்பத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெயிம்களைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகமாக இருந்தது. மானேஜரின் மச்சினன் செய்த பொய்யையும் கண்டுபிடித்ததால் உத்தியோகம் போய், பாலக்காடு கோட்டை மைதானத்துக்கு எதிரே ஒரு மாடியறை மிஞ்சியது. மனைவி போய் ஒன்பது வருஷம். அறையில் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. வழக்கு வரும் நாளில்தான் அதில் யாராவது உட்காருவார்கள்.

பக்கத்தில் இருந்தவர் குப்பண்ணன். அம்பாசிடர் டாக்சிக்குச் சொந்தக்காரர், வெங்கிடாசலத்துக்கு உதவியாளர். வண்டிக்கு அவ்வப்போது ஓய்வு கொடுப்பார், வாய்க்குக் கொடுத்ததில்லை. "புரட்டுப் பண்றவன் இப்படியா நேரம் பாத்துச் சொல்லிட்டுப் பண்ணுவான்? ரயில்வேக்காரனாட்ட இருக்குதுங்களே," என்றார்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் நிலைமை அப்படி. கோயம்புத்தூரில் இசைத்தட்டு அச்சடிக்கும் பட்டறை ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை வாங்க அவர் கிழக்குத் தென்னந்தோப்பை விற்கிறார். திங்கட்கிழமை சித்தூரில் கிரயம். தட்டு அச்சடித்துப் பணக்காரர் ஆகவேண்டுமென்று அவருக்கு ஆசையில்லை. ஒரே பையன் மஸ்கட்டில் மெக்கானிக். மண்வெட்டி பிடிக்க வரமாட்டான். மெஷின் என்றால் வருவான் என்பது அப்பாவின் கணக்கு.

வாங்குமுன் ஊர் நிலவரம் தெரியவேண்டுமே என்று, கோயம்புத்தூர் ரேடியோ கடையில் விற்பனையாளனாக இருந்த நல்லமுத்துவைப் பிடித்து, பாலக்காட்டிலிருந்து காந்தலூர், குமுளி வரைக்கும் நாலு மாதம் கடைகடையாக ஏறி விசாரிக்கச் சொன்னார். அவன் அறிக்கையை எழுதாமல் கேசட்டில் பேசித் தபாலில் அனுப்பினான். அதோடு ஆள் காணோம். தங்கியிருந்த லாட்ஜும் காலி.

"இன்னொரு வாட்டி கடைசியைப் போடுங்கோ," என்றார் வெங்கிடாசலம்.

இரைச்சல். குரல். மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும்.

"அப்பளம் பொரியற சத்தத்துக்கு நடுவுல என்னத்தங்க கேக்கறது?" என்றார் குப்பண்ணன்.

வெங்கிடாசலம் கண்ணைத் திறந்தார். "சென்னியப்பன், உங்க காதிலே விழுந்தது புரட்டு. அவ சொன்னது பெரட்டு."

"அப்படின்னா?"

"தேயிலைத் தோட்டத்திலே காலம்பற ஆளை வரிசையா நிறுத்தி எண்ணுவா. வெள்ளைக்காரன் அதைப் பரேடுன்னான். அது ஜனங்க வாயிலே பெரட்டுன்னு ஆயிடுத்து. நான் பீர்மேடு பக்கம் இன்ஷூரன்ஸுக்கு அலைஞ்சபோது தினம் கேட்ட வார்த்தையாக்கும். பெரட்டுக்குப் போகலேன்னா அன்னிக்குக் கூலி இல்லை. இவ கொழுந்து கிள்ளற ஒருத்தி. வேலைக்கு நேரமாச்சுன்னு சொல்றா, அவ்வளவுதான்."

சென்னியப்பன் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு வந்தது. "அப்ப அறிக்கைல கோளாறு இல்லீங்களா? திங்கக்கெழம கிரயத்தப் பண்ணிரலாமுங்களா?"

"தாராளமா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு முடிச்சு அவிழ்ந்த மிதப்பில் மனுஷன் சொல்லிவிட்டார்.

கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். சாயங்காலம் அந்த ஒன்பது செகண்டைப் பதினாலு தடவை போட்டுக் கேட்டார். அறைக்குள் ஒரு பெண்குரல் கேட்டே எத்தனையோ காலமாயிற்று. அது யாரிடமோ மீதியைச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நின்றுபோனது அவரை என்னவோ செய்தது. கேசட் அட்டையின் உள்மடிப்பில் மலையாள எழுத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. வண்டிப்பெரியாரில் ஒரு ரேடியோ கடையின் பெயர்.

குப்பண்ணனைக் கூப்பிட்டு, காலம்பற நாலு மணிக்குக் கிளம்பலாம் என்றார்.

"சாமி, கேசு முடிஞ்சுபோச்சுங்க."

"ஆள் ஏன் காணாமப் போனான்னு தெரியலையே. பொய் சொல்லாதவன் எதுக்கு ஒளியணும்?"

"நெசமாலுமே அதுக்குத்தான் போறமுங்களா?"

"அதுக்கும்தான்," என்றார் வெங்கிடாசலம்.

பொள்ளாச்சி, உடுமலை, கம்பம் என்று சுற்றி மலையேறினார்கள். "கேரளாவுல இருந்து கேரளாவுக்குப் போறதுக்குத் தமிழ்நாட்டு ரோட்ட நம்போணும். வரைபடம் போட்டவன் சொந்தமா டாக்சி வெச்சிருந்திருப்பானுங்க," என்று குப்பண்ணன் குமுளி மலைப்பாதை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். வெங்கிடாசலத்துக்கு அது வேண்டித்தான் இருந்தது. பேச்சு நின்றால் மலை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

வண்டிப்பெரியார் வந்து சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களுக்கு லீவு, ஆகவே கடைவீதிக்கு அன்றைக்குத்தான் வியாபாரம். முத்திரையில் இருந்த ரேடியோ கடையில் நாலைந்து தோட்டத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். கல்லாவில் செபமாலையம்மாள் என்ற நாற்பது வயதுப் பெண்மணி. வீட்டுக்காரர் தோஹாவில், கடை இவள் கையில் என்பதைக் கேட்காமலே சொன்னாள்.

"கேசட் வியாபாரம் எப்படி?" என்று ஆரம்பித்தார் வெங்கிடாசலம்.

"நீங்களும் அதக் கேக்கத்தான் வந்தீகளா? மாசம் முப்பது போவுதுய்யா. வெறுங் கேசட். பாட்டு கேக்கவான்னு நெனச்சிறாதீக. அரபு நாட்டுல இருக்க ஆம்பளைகளுக்குப் பேசி அனுப்பத்தான். எழுதத் தெரியாட்டி என்ன, பேசத் தெரியும்ல. டேப்புப் பொட்டி இல்லாதவுக இந்தா, இந்த மூலையில ஒக்காந்து பேசிட்டுப் போறாக. அழுகையும் நடக்கும். நான் ரேடியோவச் சத்தமா வெச்சிருவேன், வெக்கப்படாமப் பேசட்டும்னு."

"இசைத்தட்டு?"

அவள் அலமாரியைக் காட்டினாள். தட்டுகளின் மேல் தூசி விரலால் பெயர் எழுதுமளவுக்குப் படிந்திருந்தது. "தீவாளிக்கு வாங்குனது. ஒண்ணு வித்துச்சு. வாங்குனவரும் திருப்பிக் கொண்டாந்துட்டாரு."

குப்பண்ணன் மெல்ல விசிலடித்தார். வெங்கிடாசலம் கேட்டார், "இதையெல்லாம் இதுக்கு முன்னே யாரிட்டயாவது சொன்னேளா?"

"நல்லமுத்து அண்ணங்கிட்டச் சொன்னேன். நம்ம ஊரு ஆளுதான. உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே போனாரு."

எழுதிக்கொண்டு போனவன்தான், வண்டிப்பெரியாரில் கேசட் வாங்குவார் யாருமே இல்லை என்று பேசியிருக்கிறான். தெரியாமல் சொன்ன தப்பு இல்லை. தெரிந்தே சொன்ன பொய்.

"சாமி," என்றார் குப்பண்ணன், வழக்கமான கேலி இல்லாமல். "பெரட்டுன்னு நாம சொன்னோம். புரட்டுன்னு சென்னியப்பக் கவுண்டரு சொன்னாரு. அவரு காதுதானுங்க செரி."

நாளைக் காலை கிரயம். போ, விற்றுக்கொள் என்று அனுப்பியது இவர். வெங்கிடாசலம் கேசட்டை எடுத்துக் கல்லாவிலிருந்த டேப் ரிக்கார்டரில் போட்டார். "இந்தக் குரல் யாருதுன்னு மட்டும் சொல்லுங்கோ. அவளைப் பிடிச்சா அவன் அகப்படுவான்."

இரைச்சல். பிறகு குரல். பெரட்டுக்கு நேரமாச்சு. மீதிய பொறவு சொல்றேன்.

செபமாலையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். நின்றிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது சின்னத்தாயி," என்றாள் செபமாலையம்மாள். "நல்லமுத்து அண்ணன் சம்சாரம். போன ஆனி மழையில மரம் முறிஞ்சு விழுந்து செத்துப்போச்சே. இந்தக் குரலு ஒங்களுக்கு எங்க கெடச்சுது?"

வெங்கிடாசலம் மாதங்களை விரல்விட்டு எண்ணினார். அறிக்கை பேசியது இந்தத் தை மாதம். சின்னத்தாயி போனது ஆனியில். செத்தவள் வந்து அறிக்கைக்குப் பின்னால் பேசமாட்டாள். அப்படியானால் அவள் முதலிலேயே அங்கே இருந்திருக்கிறாள். அறிக்கைதான் பின்னால் வந்து அவள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பளம் பொரிகிற சத்தம் என்று குப்பண்ணன் சொன்னது தகரக் கூரையில் அடித்த ஆனி மழை. பதினாலு தடவை கேட்டும் தைமாதத்தில் மழை ஏது என்று தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"ஒரு கேசட்டிலே பேசினதுக்கு மேலே இன்னொருத்தன் பேசினா, முன்னே பேசினது போயிடுமோ?"

"போயிரும்யா. போவாம இருக்கணும்னா இங்க பாருங்க, முதுகுல சின்னதா பிளாஸ்டிக் காது ரெண்டு இருக்கு. ஒடச்சு விட்டுட்டா அப்புறம் பதியாது. இது ஒடைக்கலியே."

செபமாலையம்மாள் வழி சொன்னாள். தோட்டத்து லயத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாகப் பதினெட்டு. கடைசி வீட்டு வாசலில் நல்லமுத்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து இருக்கும். தாடி. மடியில் ஒரு டேப் ரிக்கார்டர், கேசட் போடுகிற மூடி திறந்தபடி, உள்ளே ஒன்றும் இல்லை. வெங்கிடாசலம் பாலக்காடு என்று ஆரம்பித்ததுமே எல்லாம் தெரிந்தவன்போல் உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

"பொய்தான்யா," என்றான். "சென்னியப்பன் அய்யாவுக்கு நான் சொன்னது பூராம் பொய்."

"ஏன்?"

"காந்தலூர்ல ஒரு கடை. இந்த டேப்புப் பொட்டி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுங்கன்னாக. பையில ரெண்டு கேசட்டு, ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். ஒண்ண எடுத்துப் போட்டு, பேசுங்க, பதியும்னேன். கடைக்காரரு பேசுனாரு. அவரு சம்சாரம் பாடுனாக. பிள்ளைக ஒவ்வொண்ணா வந்து பேரு சொல்லுச்சு. ஒரே சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன்யா. லாட்ஜுக்கு வந்து போட்டுப் பாத்தா, அவ பேசுன எடத்துல அந்தப் பிள்ளைக சிரிக்குது."

குப்பண்ணன் தலையைத் திருப்பித் தேயிலைச் சரிவைப் பார்த்தார்.

"அவளுக்கு எழுதத் தெரியாது. நான் ஊரூராச் சுத்துறவன். இந்தக் கேசட்டுதான் போகவும் வரவும் இருந்துச்சு. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்ன பேசுவா. கடைசியா அனுப்புனது அது. பிள்ளைகளோட சிரிப்பக் கேக்க முடியலய்யா, அத மூடணும்னுதான் அறிக்கைய அதுலயே பேசுனேன். கடைசியில அவ கொஞ்சம் மிஞ்சி இருந்தா. அதுமேல பேச நாக்கு எழல. அதான் இத்துடன் முடிகிறதுன்னு நிறுத்திட்டேன்."

"அதைப் போய் தபால்லே அனுப்பிட்டியே அப்பா."

"கையில இருந்தா அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். ஒருத்தன் எத்தன வாட்டி கேப்பான் அத?"

பதினாலு வாட்டி கேட்டவர் கேசட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முதுகிலே இருக்கிற காதை ஒடிச்சிருந்தா இது நடந்திருக்காதே. விக்கறவன் நீ, உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்யா. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவன் நாந்தான. ஒடச்சா பொறவு அவ எதுல பேசுவா? மீதிய பொறவு சொல்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. செத்துட்டான்னு தந்தி வந்தப்பெறவும் ஒடைக்கக் கை வரலய்யா."

கீழே எங்கோ ஒரு வீட்டில் குழந்தை அழுதது, நின்றது. வெங்கிடாசலத்துக்கு அவன் தோளில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. கேசட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"அறிக்கையிலே ஏன் பொய் சொன்னே?"

"எனக்கு நடந்தது ஊருல யாருக்கும் நடக்கவேண்டாம்னு நெனச்சேன். இசைத்தட்டுல ஏறுனது ஏறுனதுதான், ஒருத்தரும் அழிக்க முடியாது. கேசட்டு பரவாம இருந்தா நல்லதுன்னு பட்டுச்சு. நான் ஒருத்தன் சொன்னா நின்னுரும்னு நெனச்சேன் பாருங்க."

"நீ சொன்னதை நம்பி ஒருத்தர் நாளைக்குத் தோப்பை விக்கறார். மஸ்கட்டிலே இருக்கிற பையன் மெஷின்னா திரும்பி வருவான்னு."

நல்லமுத்து நிமிர்ந்தான். "அவருக்குப் பையன் இருக்கான்னு எங்கிட்டச் சொல்லவே இல்லியே," என்றான். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். காரில் ஏறியதும் குப்பண்ணனிடம் சாவிக்கொத்தை வாங்கி, கேசட்டின் முதுகிலிருந்த காதுகள் இரண்டையும் நெம்பி உடைத்தான். சின்னச் சத்தம்தான் வந்தது. குமுளி வரைக்கும் குப்பண்ணன்கூட ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. சித்தூர் ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் சென்னியப்பன் வெளுத்த வேட்டியில் நின்றிருந்தார், கையில் முத்திரைத்தாள். நல்லமுத்து நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னான். தன்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறவன்போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

சென்னியப்பன் அடிக்கவில்லை. "அப்ப நெச நெலவரம் என்ன?" என்றார்.

"கேசட்டுதான் நிக்கும்யா. பத்து வருசத்துல தட்ட யாரும் சீண்டமாட்டாக. பாட்டுக்காக இல்ல. வெளியூர்ல ஒத்தையாக் கெடக்கறவன், அவன் வீட்டுல ஒத்தையாக் கெடக்கறவுக, இத்தனை பேருன்னு கடைகடையா எழுதிட்டு வந்தேன். அத்தன கேசட்டு விக்கும். அவுக எண்ணிக்கை கொறையவே கொறையாது."

"சரி. பட்டறைய விட்டுட்டு நாம அதையே பண்ணுனா?"

"அதுக்கு வெளிநாட்டு மெசினு, லைசென்ஸு. நம்மளால ஆவாதுய்யா."

சென்னியப்பன் முத்திரைத்தாளை நாலாக மடித்தார். தோப்பு தப்பியது. அதற்கான சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. "அப்ப அவன் வரமாட்டான்," என்றார், யாரையும் பார்க்காமல். எந்தப் பொய்யையும் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்த பிறகு எதிரே நிற்கிற மனுஷனுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் வெங்கிடாசலத்துக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து குமாஸ்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சென்னியப்பன் கையசைத்து இல்லை என்றார். பிறகு நல்லமுத்துவிடம் திரும்பினார்.

"அந்தக் கேசட்டுல ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரமுங்க பேசலாம்?"

"அரை மணி நேரம்யா."

"அரை மணி நேரமுங்களா," என்றார் சென்னியப்பன். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எம்பட பையங்கிட்ட நான் சேந்தாப்புல அத்தன நேரம் பேசுனதே இல்லீங்க. மொதல்ல என்னன்னு ஆரம்பிக்கறதுன்னு, கொஞ்சம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுங்க."